அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்ததா? இடைக்கால குயர் காதல் கதைகளும் வாசகர் சண்டைகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையைப் பத்தினது. கத்தி, கேடயம், கோட்டை எல்லாம் வர்ற நாவல்களைப் படிச்சிட்டு வாசகர்கள் தங்களுக்குள்ள போட்டுக்கிற சண்டை.

எந்த மாதிரி நாவல்கள்னு முதல்ல சொல்லிடறேன். கதை நடக்கிறது இடைக்கால ஐரோப்பாவுல, அதாவது சுமார் 500-லிருந்து 1500 வரைக்குமான காலம். காதல் கதை. ஆனா மையத்துல இருக்கிறது ரெண்டு ஆண்கள், இல்லைன்னா ரெண்டு பெண்கள், இல்லைன்னா பிறந்தப்போ மத்தவங்க சொன்ன பாலினத்துல வாழாத ஒருத்தர். தமிழ்ல 'பால்புதுமையினர்'னு ஒரு நல்ல சொல் இருக்கு. பேச்சுல நாம 'குயர்'னே சொல்லிடறோம். நானும் ரெண்டையும் கலந்துதான் பேசப்போறேன்.

உதாரணத்துக்குச் சில புத்தகங்கள். நடாஷா சீகல் எழுதின 'சாலமன்ஸ் கிரவுன்', 2023-ல வந்தது. 12-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் அரசன் பிலிப்புக்கும் இங்கிலாந்து இளவரசன் ரிச்சர்டுக்கும் காதல். அதே வருஷம் லெக்ஸ் க்ரௌச்சரோட 'க்வென் அண்ட் ஆர்ட் ஆர் நாட் இன் லவ்'. கல்யாணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட ஒரு இளவரசியும் ஒரு பிரபுவீட்டுப் பையனும். ரெண்டு பேருக்கும் எதிர்பாலினத்து மேல நாட்டம் இல்ல. நிக்கோலா கிரிஃபித்தோட 'ஸ்பியர்', 2022. ஆர்தர் அரசர் கதை உலகத்துல ஆண் உடையில வலம் வர்ற ஒரு பெண் வீரர்.

இந்தப் புத்தகங்களைப் பத்தி ஆளாளுக்கு ஒரு கருத்து. எங்க வாசிப்பு வட்டத்துலயும் சரி, நேயர்கள் அனுப்புற வாய்ஸ் நோட்லயும் சரி, நான் திரும்பத் திரும்பக் கேட்கிறது நாலு கட்சிதான்.

முதல் கட்சி: "அப்பல்லாம் இது கிடையாதுங்க. இது இன்னைக்கு சமாச்சாரம். வரலாற்றுல கொண்டுபோய்த் திணிக்கிறாங்க."

ரெண்டாவது கட்சி: "இருந்திருக்கும். ஆனா இவ்வளவு சந்தோஷமா எப்படி முடியும்? பிடிபட்டிருந்தா உயிரே போயிருக்கும்."

மூணாவது கட்சி: "சந்தோஷமா முடியட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா கவசம் போட்ட வீரன் தெரபிஸ்ட் கிட்டப் போய்ட்டு வந்தவன் மாதிரி பேசறானே!"

நாலாவது கட்சி: "கதைதானே, விடுங்கப்பா."

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன். இதுல முதல் கட்சிதான் ரொம்பச் சத்தமா இருக்கு, வாதம் ரொம்ப வீக்கா இருக்கு. ரெண்டாவது கட்சி சொல்றதுல பாதி உண்மை, மீதி பாதி ஆவணங்கள் நமக்குக் காட்டுற ஒரு மாயை. மூணாவது கட்சி கேட்கிறதுதான் உண்மையிலேயே கேட்கவேண்டிய கேள்வி. ஒவ்வொண்ணா போவோம்.

ஒரே தட்டு, ஒரே படுக்கை

1187. பிரான்ஸ் அரசன் இரண்டாம் பிலிப்புக்கும் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றிக்கும் நடுவுல ஒரு போர் நிறுத்தம். ஹென்றியோட பையன் ரிச்சர்ட் அப்பாகூட வீட்டுக்குத் திரும்பாம, பிலிப்போட கிளம்பிப் போயிடறான். பின்னாடி 'சிங்க இதயம் கொண்ட ரிச்சர்ட்'னு பேர் வாங்கினவன் இவன்தான். அப்போ அவனுக்கு 29 வயசு, பிலிப்புக்கு 21.

அந்தக் காலத்துல வாழ்ந்து எழுதின ஹௌடன் ஊர் ரோஜர்ங்கிற வரலாற்றாசிரியர் இதைக் குறிச்சு வெச்சிருக்கார். ரெண்டு பேரும் தினமும் ஒரே மேசையில, ஒரே தட்டுல சாப்பிட்டாங்க, ராத்திரி ஒரே படுக்கையில தூங்கினாங்க, பிலிப் ரிச்சர்டைத் தன் உயிரா நேசிச்சான், இதைப் பார்த்து ஹென்றி திகைச்சுப்போனார். அவர் சொல்றதோட சாரம் இவ்வளவுதான்.

இதை என்னன்னு எடுத்துக்கிறது? 1948-ல ஜான் ஹார்விங்கிற வரலாற்றாசிரியர் ரிச்சர்டுக்கு ஆண்கள் மேல ஈர்ப்பு இருந்ததுன்னு எழுதினார். அது பரவி, 'தி லயன் இன் விண்டர்' நாடகத்துலயும் 1968-ல வந்த சினிமாவுலயும் இடம்பிடிச்சது. ரிச்சர்ட் வரலாற்றுல பெரிய நிபுணரான ஜான் கில்லிங்ஹாம் இதை மறுத்தார். அவர் வாதம் இது: அந்தக் காலத்துல அரசர்கள் ஒரே படுக்கையைப் பகிர்ந்துக்கிறது ஊருக்குக் காட்டுற அரசியல் சைகை. நம்ம ஊர்ல கூட்டணி முடிவானதும் ரெண்டு தலைவர்கள் மேடையில கையைக் கோத்துத் தூக்கிக் காட்டுவாங்களே, அந்த மாதிரி. ஹென்றி திகைச்சது மகன் யார்கூடத் தூங்கறான்னு யோசிச்சு இல்ல, எதிரியோட கூட்டு சேர்ந்துட்டானேன்னு.

எனக்கு கில்லிங்ஹாம் வாதம் வலுவாத்தான் படுது. அடுத்த வருஷமே ரிச்சர்ட் பிலிப்புக்கு விசுவாசம் தெரிவிச்சு அப்பாவுக்கு எதிரா நின்னான்ங்கிறது அதுக்குப் பொருந்துது. அப்போ 'சாலமன்ஸ் கிரவுன்' பொய்யா?

இங்கதான் நாம நம்ம வாசிப்புப் பழக்கத்தையே ஒரு தடவை திரும்பிப் பார்க்கணும். 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரைக்கும் 'கல்கி'யில தொடரா வந்தது. ஆதித்த கரிகாலன் கொலைக்கு வரலாற்றுல ஆதாரம் இருக்கு. உடையார்குடி கல்வெட்டு கொலையில சம்பந்தப்பட்டவங்க பேரைச் சொல்லுது. ஏன் கொன்னாங்க, அந்த ராத்திரி என்ன நடந்ததுன்னு அது சொல்லல. அந்தக் காலி இடத்துல கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நந்தினி முழுக்கக் கற்பனை. ஆனா எத்தனை பேர் "அப்படி ஒரு பெண் இருந்ததுக்கு ஆதாரம் எங்கே"ன்னு கேட்டுப் புத்தகத்தை மூடி வெச்சாங்க?

சீகல் செஞ்சதும் அதே வேலைதான். ரோஜர் எழுதினது சில வரிகள். ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள என்ன இருந்ததுன்னு அவர் எழுதல. அந்த இடத்துல நாவல் உட்காருது. ஆண்-பெண் காதலைக் கற்பனை பண்ணினா 'சுவை', ஆண்-ஆண் காதலைக் கற்பனை பண்ணினா 'திணிப்பு'ன்னா, நாம அளக்கிறது வரலாற்றை இல்ல. ஒரே கடையில ரெண்டு தராசு வெச்சிருக்கோம்.

ஃப்ளாரன்ஸ் கணக்கு

சரி, அரசர்களை விடுவோம். சாதாரண மக்கள்ல இருந்தாங்களா? இதுக்கு ஒரு ஊரோட கணக்கு போதும்.

இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நகரம், 1432-ல ஆண்களுக்கிடையேயான உறவை விசாரிக்கன்னே ஒரு தனி அமைப்பு தொடங்கிச்சு. பேரு 'இரவு அதிகாரிகள்'. 1502 வரைக்கும் அது இயங்கிச்சு. அந்த ஆவணங்களை வரி வரியாப் படிச்ச மைக்கேல் ராக்ங்கிற வரலாற்றாசிரியர் சொல்ற கணக்குப்படி, அந்த 70 வருஷத்துல சுமார் 17,000 பேர் மேல ஒரு தடவையாவது குற்றச்சாட்டு வந்தது. தண்டிக்கப்பட்டவங்க கிட்டத்தட்ட 3,000 பேர். அப்போ ஊர் மக்கள்தொகையே ஏறக்குறைய 40,000-தான். பெரும்பாலும் கொடுத்த தண்டனை அபராதம்.

"அப்பல்லாம் கிடையாது"ங்கிற கட்சிக்கு இதுக்கு மேல நான் எதுவும் சொல்லவேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்.

நீதிமன்றக் காகிதம் யாரைப் பார்க்கும்?

இப்போ ரெண்டாவது கட்சி. "எல்லாம் சோகமாத்தானே முடிஞ்சிருக்கும்?"

இந்த எண்ணம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். 1394 டிசம்பர், லண்டன், சீப்சைட் பகுதி. பெண் உடையில இருந்த ஒருத்தரை இன்னொரு ஆணோட பிடிக்கிறாங்க. ஆவணத்துல பேரு ஜான் ரைக்கனர். தன் பேரு எலனோர்னு அவரே சொல்றார். நகர மேயர் முன்னாடி விசாரணை. அவர் சொன்னதை லத்தீன்ல எழுதி வெச்சிருக்காங்க. ஆக்ஸ்ஃபோர்டுல அஞ்சு வாரம் எம்பிராய்டரி வேலை பார்த்தது, பர்ஃபோர்டுல ஒரு விடுதியில மது ஊத்திக்கொடுக்கிற வேலை பார்த்தது, ஆண்களோட பெண்ணாவும் பெண்களோட ஆணாவும் இருந்தது, பாதிரியார்கள் காசு கூடக் கொடுப்பாங்கங்கிறதால அவங்களை விரும்பி ஏத்துக்கிட்டதுன்னு எல்லாமே இருக்கு. ஒரே ஒரு விஷயம்தான் இல்ல. அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சுங்கிறது. தண்டனை கொடுத்ததாவும் குறிப்பு இல்ல, விட்டதாவும் இல்ல.

இந்த ஆவணம் இன்னொரு தடவையும் மறைக்கப்பட்டது. 1932-ல அச்சான தொகுப்புல, ஒழுக்கக்கேடு சம்பந்தமா ரெண்டு ஆண்களை விசாரிச்சாங்கங்கிற மாதிரி பூசி மெழுகிட்டுப் போயிட்டாங்க. டேவிட் பாய்டும் ரூத் கர்ராஸும் முழு ஆவணத்தை 1995-ல வெளியிட்ட பிறகுதான் பரவலா வெளிச்சத்துக்கு வந்தது. இடைக்கால இலக்கியப் பேராசிரியரான ப்ரூஸ் ஹோல்சிங்கர் 2014-ல 'எ பர்னபிள் புக்' நாவல்ல ரைக்கனரை ஒரு பாத்திரமாவே கொண்டுவந்தார்.

இன்னொரு ஆள். 1477, ஜெர்மனியில ஸ்பேயர் நகரம். கத்தரீனா ஹெட்ஸெல்டோர்ஃபர். ஆண் உடையில, ஒரு பெண்ணோட வாழ்ந்தவர். விசாரணை நடந்தது. ரைன் நதியில மூழ்கடிச்சுக் கொன்னாங்க.

இப்போ கவனிங்க. இந்த ரெண்டு பேரும் நமக்குத் தெரியவந்தது எப்படி? பிடிபட்டதால. நீதிமன்றக் காகிதம் பிடிபட்டவங்களை மட்டும்தான் பார்க்கும். ஏதோ ஒரு கிராமத்துல ரெண்டு பெண்கள் சேர்ந்து நூல் நூத்து, ஒரே வீட்டுல முப்பது வருஷம் இருந்து, வயசாகி இறந்துபோயிருந்தா, அதை யார் எழுதி வைப்பாங்க? எதுக்காக எழுதணும்? புகார் இல்ல, வழக்கு இல்ல, காகிதம் இல்ல.

நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டை மட்டும் வெச்சு யாராவது 600 வருஷம் கழிச்சு ஆண்-பெண் காதலைப் பத்தி எழுதினா எப்படி இருக்கும்? தமிழ்நாட்டுல காதலிச்சவங்க எல்லாரும் வீட்டை விட்டு ஓடிப்போய், ஸ்டேஷன்ல தஞ்சம் கேட்டவங்கன்னுதான் எழுதுவாங்க. குயர் வரலாறு பெரும்பாலும் அந்த மாதிரி காகிதத்துல இருந்துதான் நமக்கு வந்திருக்கு. அதனாலதான் சோகம்தான் நிஜம், சந்தோஷம் கற்பனைன்னு நமக்குத் தோணுது. ஆபத்து நிஜம்தான், ஸ்பேயர்ல நடந்தது நிஜம்தான். ஆனா எல்லார் கதையும் அங்க முடியல.

வேற மாதிரி தடயமும் அபூர்வமாக் கிடைக்கும். 1391 அக்டோபர்ல ரெண்டு ஆங்கிலேய வீரர்கள் கான்ஸ்டான்டினோப்பிள் பக்கத்துல இறந்தாங்க. சர் ஜான் கிளான்வோ, சர் வில்லியம் நெவில். ரெண்டு பேரும் கவிஞர் சாஸரோட வட்டத்தைச் சேர்ந்தவங்க. முதல்ல கிளான்வோ இறந்தார். நெவில் சாப்பிட மறுத்து, ரெண்டே நாள்ல தானும் போயிட்டார்னு வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துல எழுதின வரலாறு சொல்லுது. அவங்க கல்லறைக்கல் 1913-ல இஸ்தான்புல்ல கிடைச்சது. முன்னே டொமினிக்கன் தேவாலயமா இருந்து பின்னாடி மசூதியான ஒரு கட்டடத்துல இருந்தது. அந்தக் கல்லுல ரெண்டு தலைக்கவசம் முகத்தோட முகம் முத்தமிடுற மாதிரி நெருங்கி நிக்குது. கீழே இருக்கிற கேடயங்கள்ல ரெண்டு பேரோட குலச் சின்னமும் பாதிப்பாதியாச் சேர்ந்திருக்கு. அந்தக் காலத்துல கணவன் மனைவி சின்னங்களைத்தான் வழக்கமா அப்படிச் சேர்ப்பாங்க.

அவங்க காதலர்களா? இந்தக் கல் அதை நிரூபிக்காது. ஆண்கள் தேவாலயத்துல சத்தியம் பண்ணி 'உடன்பிறப்பு' ஆகிற வழக்கம் அப்போ இருந்தது. ஆலன் ப்ரேங்கிற வரலாற்றாசிரியர் 'தி ஃப்ரெண்ட்'ங்கிற புத்தகத்துல இந்தக் கல்லை வெச்சே அந்த வழக்கத்தை விளக்கறார். ஆனா ஒண்ணு நிச்சயம். ரெண்டு ஆண்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் வெச்ச அன்பை ஊரறியக் கல்லுல செதுக்கி, ஒரே குழியில புதைக்க அந்தச் சமூகத்துல இடம் இருந்தது. ஒரு நாவலாசிரியருக்கு உட்கார இவ்வளவு இடம் போதும்.

சந்தோஷமான முடிவைப் பத்தி இன்னொரு விஷயம். ரொமான்ஸ்ங்கிற வகைக்கே அது விதி. காதல் மையம், முடிவு நம்பிக்கையானது. துப்பறியும் கதையில குற்றவாளி கடைசியில பிடிபடணும்ங்கிற மாதிரி. ஈ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913-14-ல எழுதினார். அது இடைக்காலக் கதை இல்ல, அவர் காலத்துக் கதைதான். ரெண்டு ஆண்கள் கடைசியில சேர்ந்து வாழணும்னு அவர் பிடிவாதமா இருந்தார். அவங்க தூக்குல தொங்கியிருந்தா புத்தகத்தைப் பதிப்பிக்கிறது சுலபமா இருந்திருக்கும்னு அவருக்கே தெரியும். நாவல் அவர் இறந்த பிறகு 1971-லதான் வெளிவந்தது. சோகமா முடிச்சா அனுமதி, சந்தோஷமா முடிச்சா தடைங்கிறது நேத்து வரைக்கும் நடந்த கதை. அதனால "சந்தோஷ முடிவு நம்பும்படி இல்ல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி, நம்ம நம்பிக்கையின்மையை யார் நமக்குப் பழக்கினதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

வீரன் எந்தச் சொல்லால யோசிப்பான்?

இப்போ மூணாவது கட்சி. நான் இவங்க பக்கம்.

'ஹோமோசெக்சுவல்'ங்கிற சொல் அச்சுல முதல்ல வந்தது 1869-ல. கார்ல் மரியா கெர்ட்பெனிங்கிற எழுத்தாளர் உருவாக்கினது. 12-ஆம் நூற்றாண்டு ரிச்சர்ட் கிட்ட "நீ கே-யா?"ன்னு கேட்டா அவனுக்கு மொழி மட்டும் இல்ல, கேள்வியே புரியாது. அவன் காலத்து தேவாலயம் பேசினது 'பாவச் செயல்' பத்தி. 11-ஆம் நூற்றாண்டு நடுவுல பீட்டர் டேமியன்ங்கிற துறவி, மதகுருமார்கள்கிட்ட இருக்கிற இந்தப் 'பாவத்தை'க் கடுமையா ஒடுக்கணும்னு போப்புக்கு ஒரு நூலே எழுதினார். போப் அவரைப் பாராட்டினார், ஆனா அவர் கேட்ட அளவுக்குக் கடுமை காட்டல. அந்தச் சண்டையில பேச்சு பூரா என்ன செஞ்சாங்க, எத்தனை தடவை, அதுக்கு என்ன பிராயச்சித்தம்ங்கிறதுதான்.

அதனால ஒரு இடைக்காலப் பாத்திரம் ராத்திரி தூக்கம் வராம புரண்டா, "நான் யார்?"னு கேட்டுக்கிட்டுப் புரள்றது பொருந்தாது. "இதைப் பாவமன்னிப்புக் கூண்டுல சொல்லணுமா? சொன்னா அவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமா? சொல்லாம செத்தா நரகமா?"ன்னு புரண்டா, நான் நிமிர்ந்து உட்காருவேன். சொல்லப்போனா பாவமன்னிப்புக் கூண்டுங்கிற மரச்சாமானே இடைக்காலத்துக்குப் பிறகு வந்தது. அப்போ பாதிரியார் முன்னாடி நேரா மண்டியிட்டுத்தான் சொல்லணும். முகத்தைப் பார்த்துச் சொல்றது எவ்வளவு கஷ்டம்! அந்த ஒரு காட்சியில ஒரு அத்தியாயமே இருக்கு.

இதுக்கு என்கிட்ட இருக்கிற மிகச்சிறந்த சாட்சி இடைக்காலத்துலயே எழுதின ஒரு கதை. பேரு 'ரோமான் த சிலான்ஸ்', 13-ஆம் நூற்றாண்டு, பழைய பிரெஞ்சு, சுமார் 6,700 அடி. 1911-ல இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு மாளிகையில, 'பழைய காகிதம், மதிப்பில்லை'ன்னு எழுதின ஒரு பெட்டியில இருந்து கிடைச்சது.

கதை இதுதான். பெண்களுக்குச் சொத்துரிமை கிடையாதுன்னு அரசன் சட்டம் போடறான். ஒரு தம்பதிக்குப் பெண் குழந்தை பிறக்குது. சொத்து போயிடக் கூடாதுன்னு ஆண் பிள்ளையா வளர்க்கிறாங்க. பேரு சைலன்ஸ். லத்தீன்ல ஆண் விகுதி போட்டா சைலன்ஷியஸ், பெண் விகுதி போட்டா சைலன்ஷியா. விஷயம் வெளிய வந்தா விகுதியை மாத்திக்கலாம்னு அப்பா கணக்குப் போடறார். குழந்தை வளர்ந்ததும் 'இயற்கை'யும் 'வளர்ப்பு'ம் ரெண்டு பாத்திரங்களா வந்து, "இது என் பொருள்", "இல்ல, என் பொருள்"னு சண்டை போடுதுங்க. சைலன்ஸ் இசைக்கலைஞர்களோட ஓடிப்போய், பிறகு நாட்டுலயே சிறந்த வீரரா ஆகறார். கடைசியில மெர்லின் உண்மையைப் போட்டு உடைக்கிறார். சைலன்ஸுக்குப் பெண் உடை போட்டு அரசனுக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க. அதுக்கப்புறம் சைலன்ஸ் பேர் சொன்ன மாதிரியே ஆயிடறார்.

இந்த முடிவைப் படிச்சு மனசு ஆறாதவங்க நிறைய பேர். நானும்தான். அலெக்ஸ் மையர்ஸ்ங்கிற திருநம்பி எழுத்தாளர் 2020-ல 'தி ஸ்டோரி ஆஃப் சைலன்ஸ்'னு இந்தக் கதையை நாவலாத் திரும்ப எழுதினார்.

நான் இந்தக் கதையைச் சொன்னப்போ 'அவர்'னே சொன்னதைக் கவனிச்சீங்களா? மூல நூல்லயே கவிஞர் சில இடத்துல ஆண்பாலும் சில இடத்துல பெண்பாலுமா மாத்தி மாத்திச் சொல்றார். தமிழ்ல நமக்கு ஒரு வசதி. 'அவன்', 'அவள்' ரெண்டையும் தாண்டி மரியாதையா 'அவர்'னு ஒரு சொல் தயாரா இருக்கு. பிரெஞ்சுக் கவிஞர் 800 வருஷத்துக்கு முன்னாடி தடுமாறின இடத்தைத் தமிழ்ல ஒரு 'ர்' தாண்டிடும். பாலின அடையாளம் பத்தின யோசனையே இன்னைக்கு வந்ததுன்னு யாராவது சொன்னா, 'இயற்கை'யும் 'வளர்ப்பு'ம் போட்ட அந்தச் சண்டையைக் காட்டுங்க. அவங்க கிட்ட நம்ம சொற்கள் இல்ல. கேள்வி இருந்தது.

நாலாவது கட்சிக்கு ஒரு சின்ன பதில்

"கதைதானே, விடுங்க"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு. 'க்வென் அண்ட் ஆர்ட்' மாதிரி ஒரு நகைச்சுவைக் காதல் கதை வரலாற்றுப் பாடப்புத்தகம்னு உங்ககிட்ட வாக்குக் கொடுக்கல. சிரிக்க வைப்பேன்னுதான் சொல்லுது. அதை அந்த அளவுகோல்ல பாருங்க. ஆனா ஒரு நாவல் உண்மையான அரசன் பேரையும் உண்மையான வருஷத்தையும் போட்டுக்கிட்டா, அந்த அரசன் மண்டைக்குள்ளயும் அவன் காலம் இருக்கணும்னு எதிர்பார்க்க எனக்கு உரிமை இருக்கு.

இது ஏன் வெறும் புத்தகச் சண்டை இல்ல

போன சீசன்ல ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. பேர் சொல்லல, காலேஜ் படிக்கிறேன்னு மட்டும் சொல்லியிருந்தாங்க. "வீட்டுல எனக்குச் சொல்றது, இது உங்க தலைமுறை ஃபேஷன், போன்ல இருந்து தொத்திக்கிட்டதுன்னு. இந்த நாவல்களைப் படிக்கும்போது ஆறுதலா இருக்கு. ஆனா நான் எனக்கு நானே பொய் சொல்லிக்கிறேனோன்னும் இருக்கு. நிஜமாவே எங்களை மாதிரி ஆளுங்க இருந்தாங்களா?"

என் பதில்: இருந்தாங்க. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியிருக்க மாட்டாங்க, ஏன்னா அந்தப் பேர் அப்போ இல்ல. உங்க வாழ்க்கையை அப்படியே அவங்க வாழல. ஆனா தடை இருக்கிற இடத்துல ஒருத்தரை நேசிக்கிற சிக்கல், கொடுத்த உடையில பொருந்தாத உடம்பு, ஊருக்கு ஒரு பேர் தனக்கு ஒரு பேர் வெச்சுக்கிறது, இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். போன் இல்லாமலே தெரியும்.

'தொத்திக்கிட்டது' எதுன்னு கேட்டா, அதுக்கு வரலாற்றுல தேதியே இருக்கு. இங்கிலாந்துல இதை மரண தண்டனைக்குரிய குற்றமா நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1533-ல, எட்டாம் ஹென்றி காலத்துல. அந்த மரபுல வந்த சட்டத்தைத்தான் பிரிட்டிஷ்காரங்க 1860-ல இந்திய தண்டனைச் சட்டத்துல 377-ஆவது பிரிவா எழுதினாங்க. வயதுவந்தவங்க சம்மதத்தோட வாழ்றதை அதிலிருந்து உச்ச நீதிமன்றம் நீக்கினது 2018 செப்டம்பர் 6. ஒரு வீட்டுல ஒரு பிள்ளை படிக்கிற நாவலுக்கும் அந்த வீட்டுல நடக்கிற வாக்குவாதத்துக்கும் நடுவுல இவ்வளவு நீளமான நூல் ஓடுது.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி நாவலுக்கு ரிவியூ எழுதினா, மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்தப் பாத்திரம் தன் காலத்துச் சொற்களால யோசிக்குதா? ஆபத்தும் ஒதுங்க இடமும் ரெண்டுமே கதையில இருக்கா? ஆண்-பெண் காதலா இருந்தா இதே குறையை நான் சொல்லியிருப்பேனா? மூணாவது கேள்விக்கு "மாட்டேன்"னு பதில் வந்தா, அந்த வரியை அழிச்சிடுங்க. மத்தபடி எவ்வளவு வேணா கழுவி ஊத்துங்க. நடை மோசம்னா மோசம்னு எழுதுங்க. குயர் நாவல்ங்கிறதுக்காக யாரும் கருணை மார்க் போடவேண்டியதில்ல.

அடுத்த எபிசோட்ல ஜப்பானுக்குப் போறோம். 12-ஆம் நூற்றாண்டு வாக்குல எழுதின 'தொரிகாஏபயா'ங்கிற கதை. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் இடம் மாறி வளர்றாங்க, அரண்மனையே குழம்புது. சைலன்ஸைப் பிடிச்சவங்களுக்குக் கண்டிப்பாப் பிடிக்கும். நீங்க படிச்ச, சண்டை போட்ட புத்தகங்களை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. பேர் சொல்லவேண்டாம்னா சொல்லுங்க, சொல்ல மாட்டோம்.